தீபாவளிக் கோலமும் வகுப்பறைக் கணக்கும்

ஐப்பசி மாதம் பிறந்தவுடன் நம் சைவப் பாடசாலைகளிலே தீபாவளியைப் பற்றிய பாடம் தொடங்குதல் வழக்கம். நரகாசுரன் கதை சொல்லப்படும். எண்ணெய் முழுக்கும் புத்தாடையும் ஆலய தரிசனமும் எடுத்துரைக்கப்படும். ஈற்றிலே, "பிள்ளைகளே, உங்கள் உங்கள் வீட்டில் ஒரு கோலமிட்டு, அதனைத் தாளில் வரைந்து கொண்டு வாருங்கள்" என்று ஒரு வீட்டுவேலையுங் கொடுக்கப்படும். கதையைப் பற்றியும் முழுக்கைப் பற்றியும் யாம் இங்கே ஒன்றுஞ் சொல்லப் புகுந்தோமல்லோம். அவ்வீட்டுவேலையைப் பற்றியே ஆசிரிய நண்பர்களோடு சிறிது பேச விரும்புகின்றோம். அது மிகச் சிறிய விஷயம் போலத் தோன்றும். முப்பது வருஷத்துக்கு அண்மையாக அதனைக் கொடுத்தும் வாங்கியும் வந்த யாம் அதிலே செய்த பிழைகளோ சிறியனவல்ல.

சில ஆண்டுகளின் முன் எமது வகுப்பிலே ஒரு கோலப் போட்டி வைத்தோம். ஆறாந் தரத்துப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர். வீட்டிலிட்ட கோலத்தைத் தாளில் வரைந்து வர்ணந் தீட்டிக் கொண்டுவருதல் வேண்டும். சிறந்ததற்கு ஒரு பரிசு. வந்தவற்றுள் ஒன்று மயிலுந் தாமரையுமாய், ஏழு வர்ணத்தில், அச்சிற் பதித்தது போல விளங்கிற்று. அதற்கே பரிசைக் கொடுத்தோம். கொடுத்த பின், அக்கோலத்தின் நடுப்பகுதியை மாத்திரங் கரும்பலகையிலே போட்டுக் காட்டும்படி அச்சிறுவனை அழைத்தோம். அவன் வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். பின்பு, "அம்மாதான் கீறினவ, சேர். நான் கலர் மட்டுந்தான் அடிச்சனான்" என்றான். வகுப்புச் சிரித்தது. அவன் எம்மை ஏமாற்றவில்லை. யார் வரைந்தது என்று யாம் கேட்கவேயில்லை.

அன்றே மற்றொரு பிழையுஞ் செய்தோம். கடைசி வாங்கிலிருந்த ஒரு பெண்பிள்ளை ஒன்றுங் கொண்டு வரவில்லை. காரணங் கேட்டபோது தலைகுனிந்து நின்றாள். "ஏன் பிள்ளை, கோலம் போட ஒரு பிடி மாவும் உங்கள் வீட்டில் இல்லையோ?" என்று கடுமையாகக் கேட்டுவிட்டோம். அருகிலிருந்த பிள்ளை எழுந்து, "அவையின்ரை வீட்டிலை இந்த முறை தீபாவளி இல்லை, சேர். அப்பா செத்து ஆண்டு திரும்பேல்லை" என்றாள். மரணம் நிகழ்ந்த வீட்டிலே ஓராண்டு நிறையும் வரை பண்டிகை கொண்டாடாமையும் வாசலிற் கோலமிடாமையும் நம்மவர் வழக்கம் என்பது எமக்குத் தெரியாததன்று. தெரிந்திருந்தும் முப்பத்திரண்டு வீடுகளையும் ஒரு வீடாக எண்ணி ஒரே வேலையைக் கொடுத்தோம்; அதன்மேற் கேள்வியும் கேட்டோம். அச்சொல்லை நினைக்குந்தோறும் இன்றும் நாக் கூசுகின்றது.

இவ்விரண்டு பிழைக்கும் வேர் ஒன்றே. தாளின்மேல் அழகிய படம் ஒன்று வந்து சேர்தலையே யாம் வேண்டினோம். பிள்ளையின் கை என்ன செய்தது, அது எந்த வீட்டிலிருந்து வருகின்றது என்னும் இரண்டையும் பாராதுவிட்டோம். அவ்வாண்டின் பின் இவ்வேலையைக் கொடுக்கும் முறையை முற்றாக மாற்றிக்கொண்டோம். மாற்றியபடியே கீழே எழுதுகின்றோம்.

முதலிற் பெயரைப் பற்றிச் சிறிது. இக்காலத்துக் கடைத்தெருவில் 'ரங்கோலி' என்னுஞ் சொல்லே மிகுதியாக வழங்குகின்றது. அது மகாராட்டிரம், குசராத்து, கன்னடம் முதலிய நாடுகளுக்குரிய பெயர். மகாராட்டிரரும் குசராத்தியரும் தீபாவளிக் காலத்தில் வாசலிலே வர்ணப்பொடியால் அதனை இடுவர். வங்காளத்தார் அல்பனா என்பர். அரிசிமாக் கரைசலில் விரலைத் தோய்த்துக் கொடியும் இலையுமாகப் போடுவர். ஆந்திரத்தில் முக்கு, இராசஸ்தானத்தில் மாண்டனா, மிதிலை நாட்டில் அரிப்பன். மலையாளத்தார் ஓணத்துக்குப் பூவினாலேயே களம் அமைப்பர். புள்ளிகளை ஒழுங்காக வைத்து அவற்றைச் சூழக் கோடிழுக்கும் முறையோ தென்னாட்டிலே, சிறப்பாகத் தமிழரிடத்திலே, பெரிதும் வளர்ந்தது.

யாழ்ப்பாணத்தவராகிய நமக்குக் கோலத்துக்குரிய பெருநாள் தைப்பொங்கலே. முற்றத்தைச் சாணத்தால் மெழுகி, உலக்கையைக் கிடத்தி, அதன் ஓரமாக அரிசிமாவைத் தூவி நேர்கோடாக்கிச் சதுரம் வகுத்து, அதனுள்ளே அடுப்பு வைத்துப் பொங்குதல் நம் ஊர்களிற் காணும் வழக்கம். எம் வீட்டில் அந்த உலக்கையைப் பிடித்து மாத்தூவியவர் எம் தந்தையார். ஆதலினாலே, கோலம் பெண்பிள்ளைகளுக்கே உரியது, ஆண்பிள்ளைகளுக்கு வேறு வேலை கொடுங்கள் என்று எவரேனுஞ் சொல்லும்போது எமக்கு நகைப்பு வருவதுண்டு.

யாம் இளமையிற் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். கேத்திரகணிதம் அங்கே திருத்தமாகக் கற்பிக்கப்பட்டது. கவராயத்தால் வட்டம் வரைந்து, அதே அளவால் வட்டத்தை ஆறாக வெட்டி, அறுகோணம் அமைத்தலைப் பதினொரு வயதிற் கற்றோம். அக்காலத்தில் எம் அன்னையார் நாள்தோறும் வாசலில் 7 புள்ளி வைத்து 4 வரை இறக்கியதும் அதே அறுகோணந்தான் என்பதை உணர எமக்கு மேலும் இருபது வருஷஞ் சென்றது. குற்றம் பாடசாலையினதன்று, வாசலைக் கடந்து போகும்போது கீழே பாராத எம் கண்ணினது.

இனிப் பாடத்துக்கு வருவோம். தீபாவளிக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே தொடங்குதல் நன்று. முதற் பாடத்தில் மாவும் வேண்டாம், வர்ணமும் வேண்டாம். சதுரக்கோட்டுக் கொப்பியும் பென்சிலும் போதும். புள்ளி வைத்தலை மாத்திரம் பழக்குக. நேர்ப்புள்ளி என்பது ஒரு புள்ளிக்கு நேர் கீழே மற்றப் புள்ளியை வைப்பது. இடைப்புள்ளி என்பது மேல்வரியின் இரண்டு புள்ளிகளுக்கு இடைவெளியில் வருமாறு வைப்பது. இதனை ஊடுபுள்ளி என்றுஞ் சொல்வர்.

நேர்ப்புள்ளியில் நடுவரிக்கு 5 வைத்து, மேலுங் கீழும் 3, 1 என இறக்கினால் மொத்தம் 13. நடுவரி 7 ஆயின் 25. நடுவரி 3 ஆயின் 5. பிள்ளைகள் 1, 5, 13, 25 என்று எழுதிய பின், அடுத்தது யாதெனக் கேட்க. வேறுபாடு 4, 8, 12 என ஏறுவதைக் கண்டு 41 என்பார்கள், வைத்தும் பார்ப்பார்கள். அதன் பின்பு கொப்பியைச் சற்றுச் சாய்த்துப் பார்க்கும்படி சொல்லுக. 25 புள்ளிகளும் நான்கு நிரை நான்காய் நிற்கும் 16 புள்ளிகளாகவும், அவற்றின் இடையிடையே மூன்று நிரை மூன்றாய் நிற்கும் 9 புள்ளிகளாகவும் பிரிந்து தோன்றும். 13 அவ்வாறே 9 உம் 4 உம் ஆகும். இதனை நாம் சொல்லிக் கொடுத்தால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். சொல்லாதிருந்தால் ஒரு பாடவேளை செல்லும். அந்தப் பாடவேளையைச் செலவிடத் தயங்க வேண்டாம்.

இடைப்புள்ளியில் 3 வைத்து 2 வரை இறக்கினால் 7 புள்ளி. 5 வைத்து 3 வரை 19. 7 வைத்து 4 வரை 37. இங்கே வேறுபாடு 6, 12, 18 என ஆறாறாக ஏறும். அறுகோணத்துக்கு ஆறு பக்கம் என்பதோடு இதனை இணைத்துப் பார்க்கும் பிள்ளை வகுப்பிலே ஒன்றேனும் இருக்கும். சென்ற முறை எமக்கு இருந்தவன் கணக்கிற் பின்தங்கியவன் என்று யாம் பெயர் வைத்திருந்த ஒருவன்.

இரண்டாம் பாடம் சிக்குக்கோலம். கம்பிக்கோலம் என்றும் நெளிக்கோலம் என்றும் வழங்குவதும் இதுவே. கோடு எந்தப் புள்ளியையுந் தொடாது, ஒவ்வொரு புள்ளியையுஞ் சூழ்ந்து, தொடங்கிய இடத்துக்கே மீளும். நம்மிற் பலர் இதனைக் கண்டஞ்சி மயிலுக்கும் தாமரைக்கும் ஓடிவிடுகின்றோம். அஞ்ச வேண்டுவதில்லை. மூன்று வரியாக, வரிக்கு 4 புள்ளி வீதம் வைக்க. பக்கத்திற் பக்கத்தில் நிற்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலும், மேலுங் கீழுமாய் நிற்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலும் ஒரு சிறு பெருக்கற்குறி இடுக. இவற்றைப் பிள்ளைகள் 'குறுக்கு' என்கின்றார்கள். யாமும் அவ்வாறே சொல்வோம். பக்கவாட்டில் 9, மேல்கீழாக 8, ஆகக் குறுக்குகள் 17 வரும். பின்பு ஒவ்வொரு குறுக்கின் கையையும் சாய்வாக நீட்டி, எதிரே நோக்கும் அடுத்த குறுக்கின் கையோடு சேர்க்க. வெளிப்புறமாக நீளும் கைகளை ஓரப்புள்ளியைச் சுற்றி வளைத்து அடுத்த கையோடு சேர்க்க. கோலம் முடிந்தது.

முடிந்த பின்பே கணக்குத் தொடங்குகின்றது. ஓரிடத்தில் விரலை வைத்து, குறுக்கு வந்த இடமெல்லாம் திரும்பாது நேரே போகும்படி சொல்லுக. 3 வரி 4 புள்ளிக் கோலத்திலே விரல் எல்லாக் கோட்டையுங் கடந்து தொடங்கிய இடத்துக்கு வரும், ஒரே இழை. 3 வரி 3 புள்ளியில் அவ்வாறு வராது. பாதி வழியிலே விரல் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும், எஞ்சிய கோடுகள் தனியே நிற்கும். எண்ணினால் மூன்று இழை. 2க்கு 3 ஓர் இழை. 2க்கு 4 இரண்டு. 3க்கு 6 மூன்று. 4க்கு 6 இரண்டு. 5க்கு 7 ஒன்று. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு அளவுகளைக் கொடுத்து, கண்டவற்றைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுதுக. இரண்டு எண்ணுக்குமுள்ள பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ அதுவே இழைகளின் தொகை. பொ.கா.பெ. என்று மூன்றெழுத்தாய் மனனஞ் செய்துவைத்திருந்த ஒன்று தங்கள் விரலின் கீழே ஓடுவதைக் காணும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கின்றோம்.

நம் பாட்டிமார் பொ.கா.பெ. அறிந்திருந்தனர் என்று மேடையிற் பெருமை பேச இதனை எடுத்துக்கொள்ளுதல் வேண்டா. எத்தனை புள்ளிக்கு எத்தனை இழை வருமென்பதை அவர்கள் கை அறிந்திருந்தது; அதனைச் சூத்திரமாக எழுத அவர்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. எழுதிப் பார்த்தவர்கள் பின்னர் வந்தார்கள். 1970-களிலே தாம்பரத்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி அவர்களும், அவர் மனைவியார் ராணி சிரோமணி அவர்களும், கமலா கிருத்திவாசன் அவர்களும், சொற்கள் சேர்ந்து வாக்கியமாதற்கு இலக்கணம் இருப்பது போலச் சித்திரங்கள் அமைதற்கும் இலக்கணம் வகுக்கலாம் என ஆராய்ந்து, அதற்குக் கோலங்களை உதாரணமாகக் கொண்டார்கள். கோலத்தைப் பற்றிய அவர்கள் கட்டுரை 1974-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கணனி விஞ்ஞானிகள் அதனை இன்றும் எடுத்துக்காட்டுவர். மிஷன் கல்லூரியொன்றிலிருந்து ஒருவர் நம் வாசற்படியைக் குனிந்து பார்த்தார். மிஷன் பாடசாலையிற் படித்த யாம் அதனைத் தாண்டியே போய் வந்தோம்.

இனி, கொப்பியிலிருந்து தரைக்கு. தீபாவளிக் கோலத்துக்கு முதற்பகை மழை. தைப்பொங்கல் மழை ஓய்ந்த காலத்தில் வருவது. தீபாவளியோ வடகீழ்ப் பருவமழை தொடங்குங் காலத்தில் வருவது. முற்றத்தில் மாலையில் இட்ட மா விடியற்காலை முழுக்குக்கு எழும்பும்போது நீரோடு போயிருக்கும். இதனைச் சொல்லாமல் வேலையைக் கொடுத்தாற் பிள்ளை அழும். ஆதலின் திண்ணையிலோ, விறாந்தையிலோ, ஒரு பலகையின்மேலோ போடும்படி முன்னரே சொல்லுதல் வேண்டும். இடமில்லாத வீட்டுக்கு ஒரு மணைப்பலகை போதும். 13 புள்ளி அதனுள் அடங்கும்.

இக்காலத்துக்கு ஏற்றது ஈரமாக் கோலம். கால் சுண்டு பச்சையரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அரைத்து, பால் போலக் கரைக்க. சிறிய பழந்துணித் துண்டு ஒன்றை அதிலே தோய்த்து உள்ளங்கையில் விரல்களால் அடக்கி, மெல்லப் பிழிந்தால், கரைசல் மோதிரவிரல் வழியாக இறங்கும், அவ்விரலே எழுதுகோல். போடும்போது கோடு மங்கலாகவே தெரியும். பிள்ளை, "வெள்ளை வரேல்லை" என்று மேலும் மேலும் பூசும், விடாதிருங்கள். காயக் காய வெண்மை தானே எழும். அந்தக் கால் மணி நேரம் காத்திருத்தல் சிறுவர்க்குப் பெரிய வித்தை.

உலர்மாவாற் போடுவதாயின், வறுக்காத பச்சையரிசி மாவை அரிதட்டில் அரித்தெடுக்க. பிட்டுக்கு வறுத்த மா வெண்மை குன்றியிருக்கும். பெருவிரலுக்குஞ் சுட்டுவிரலுக்கும் இடையிலே சிறிது எடுத்து, பெருவிரலைத் தேய்த்தபடி கையை நகர்த்துதல் வேண்டும். இது முதல் நாளிலே வராது. முற்றத்து உலர்ந்த மணலை எடுத்துச் சுளகிலே போட்டுப் பழகட்டும். மா வீணாகாது, தாய்மாருக்குங் கோபம் வாராது. கடையிற் கோலப்பொடியென விற்பது பெரும்பாலுங் கல்லை அரைத்த தூள். அதன் நுண்துகள் குனிந்திருக்கும் பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது. நிலத்தில் ஒட்டிவிடும் பிளாஸ்ரிக் கோலத்தைப் பற்றி ஒன்றுஞ் சொல்ல வேண்டுவதில்லை; அதிற் பிள்ளைக்கு வேலையே இல்லை.

பொருட்குறையைச் சொல்லி எந்த வீடும் இதனைச் செய்யாது விட வேண்டியதில்லை. 1995-ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு வெளியேறி, தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்திலே பல குடும்பங்களோடு தங்கியிருந்தோம். 1996-ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் அங்கேயே வந்தது. அன்று விடியலில் ஒரு மூதாட்டியார், தமது பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, அந்தப் பாயின் அகலமுள்ள இடத்தில், கரும்பலகையின் கீழே கிடந்த வெண்கட்டித் துண்டாற் புள்ளி வைத்தார். பக்கத்துப் பாயிலிருந்த பிள்ளைகள் எழுந்து சுற்றிவர இருந்து பார்த்தார்கள். எத்தனை புள்ளி என்று யாம் எண்ணினோமல்லோம், எண்ணியிருக்கலாம்.

வர்ணம் வேண்டாமென்பது எம் கருத்தன்று. கோடு தெரிந்த பின் வர்ணம் வருதல் வேண்டும். 3 வரி 3 புள்ளிக் கோலத்தின் மூன்று இழைகளுக்கும் மூன்று வர்ணம் கொடுத்தால், எது எங்கே ஓடுகின்றது என்பது பளிச்செனத் தெரியும்; அங்கே வர்ணம் வேலை செய்கின்றது. என்ன சேர்ந்ததென்று சிட்டையில் எழுதாத கடைத் தூள்களை விட்டு, வீட்டிலுள்ளவற்றைத் தேடச் சொல்லுக. மஞ்சள் உண்டு. அடுப்பிற் கரி உண்டு. உடைந்த செங்கல்லையோ ஓட்டையோ இடித்தரித்தாற் செம்மை. முருங்கையிலையை நிழலில் உலர்த்திப் பொடித்தாற் பச்சை. நாலைந்து நாளில் மங்கும், மங்கட்டும்.

சிவப்புக்கு ஒரு சிறு பரீட்சை செய்து காட்டலாம். மஞ்சள் கரைத்த நீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவை இட்டாற் செந்நிறமாக மாறும். தேசிக்காய்ப் புளி சில துளி விட்டால் நுரைத்தெழுந்து பழைய மஞ்சளுக்கே மீளும். ஆலாத்திக்கு மஞ்சளுஞ் சுண்ணாம்புங் கரைக்கும்போது நீர் சிவக்கக் காண்கின்றோமே, அதுவும் இதுவும் ஒன்றே. காரத்தில் மஞ்சள் சிவக்கும், அமிலத்தில் மீளும். வகுப்பிற் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையிற் கொடாதீர்கள். கண்ணிற் பட்டாற் பெருந்தீங்கு. அப்பச்சோடாவே போதும். மஞ்சளூட்டிய அரிசிமாவை ஈரங் காயவைத்து இழைகளுக்கு இடையில் நிரப்பலாம். இப்பரீட்சையை விஞ்ஞான பாடவேளையிற் செய்தால், கோலத்துக்கு நேரமில்லை என்னும் அதிபருக்கும் விடை சொன்னதாகும்.

இனி அப்பெண்பிள்ளையின் வீட்டுக்குப் போனதைச் சொல்ல வேண்டும். யாம் கடிந்த மறுநாள் மாலை போனோம். தாயார் எம்மைத் திண்ணையில் இருத்தினார். யாம் வாய் திறக்கும் முன்பே, "நீங்கள் தெரியாமல் கேட்டதெண்டு பிள்ளை சொன்னவ, சேர். அதுக்கேன் கஷ்டப்பட்டு வந்தனீங்கள்" என்றார். யாம் பிள்ளையை அழைத்து, தாயார் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டோம். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தேநீர் கொண்டு வர உள்ளே ஓடினாள்.

சிறிது நேரம் கழித்து, கொப்பியிலே கோலம் போடுவது வழக்கத்துக்கு மாறாகுமோ என்று தாயாரைக் கேட்டோம். அவர் சற்று யோசித்து, "வாசலிலை வேண்டாம், சேர். கொப்பியிலை கீறட்டும். அது படிப்புத்தானே" என்றார். முன்பே யாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அரை நிமிஷத்தில் முடிந்தது. 3க்கு 4 கோலத்தை அவளுக்குக் காட்டினோம். அதை முடித்து 4க்கு 6 போடத் தொடங்கினாள். இரண்டு இழை வர வேண்டியதில் அவளுக்கு ஒன்றே வந்தது. மீண்டும் விரலை ஓட்டினாள், ஒன்றே வந்தது. யாமும் பார்த்தோம், பிழை எங்கேயென்று உடனே பிடிபடவில்லை. அதுவரை கதவருகே நின்ற தாயார் குனிந்து ஒரு முறை பார்த்து, பென்சிலைத் தொடாமல், விரலை மாத்திரம் நீட்டி, "அதிலை பார்" என்றார். ஒரு குறுக்கு விடுபட்டிருந்தது. இரண்டு இழையும் அங்கே ஒன்றாகிவிட்டன. 4க்கு 6 இல் 38 குறுக்கு வர வேண்டும், அவள் இட்டவை 37. நாம் எண்ணிக் கண்டுபிடிப்பதை அவ்வம்மையார் எண்ணாமற் கண்டார்.

அதன் பின்னர் இவ்வேலையை யாம் கொடுக்கும் முறை இது. கோலத்தை வாசலிலோ, பலகையிலோ, கொப்பியிலோ போடலாம். எங்கே போடுவது என்று வீட்டில் முதலிற் கேட்க வேண்டும். ஏனென்று வகுப்பிற் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி கொண்டாடாத வீட்டுப் பிள்ளையும் பிற சமயத்துப் பிள்ளையும் அப்படியே தப்பின்றிச் சேர்ந்துகொள்வார்கள். பெரியவர்கள் சொல்லிக் கொடுக்கலாம், விரலாற் காட்டலாம். மாவும் பென்சிலும் பிள்ளையின் கையை விட்டுப் போதல் கூடாது. படம் கொண்டு வர வேண்டாம். புள்ளி எத்தனை, குறுக்கு எத்தனை, இழை எத்தனை, பிழைத்த இடம் எது, அதனை வீட்டில் யார் கண்டார் என்று எழுதிக்கொண்டு வந்தாற் போதும். பரிசை நிறுத்திவிட்டோம். கோணலான கோட்டுக்குப் புள்ளி குறைப்பதையும் நிறுத்திவிட்டோம். மூடாத கோட்டுக்கு மாத்திரம், "மறுபடி பார்" என்று எழுதுகின்றோம்.

சென்ற தீபாவளி கழிந்து பாடசாலை தொடங்கிய நாளில் இருபத்தொன்பது பேர் எழுதிக் கொண்டு வந்தார்கள். மூவர் கொண்டு வரவில்லை, அவர்களைக் கேட்கவில்லை. 'பிழையைக் கண்டவர்' என்ற இடத்தில் பதினொருவர் அம்மம்மா என்றும் ஒருவன் தாத்தா என்றும் எழுதியிருந்தார்கள். விறாந்தையில் அரிசிமாவால் 13 புள்ளி வைத்த ஒரு சிறுவன் கவலையோடு எழுந்தான். "சேர், என்ரை கோலத்தை எறும்பு கொண்டு போகுது. காலமை வெளிக்கிடேக்கை எண்ணிப் பாத்தனான், ஒன்பது புள்ளிதான் மிச்சம்" என்றான். நாளைக்கும் எண்ணிக்கொண்டு வரும்படி சொன்னோம்.